மழை வெட்டாத குளங்கள்

மூங்கில் காட்டின் நடுவே ஒரு சேற்று வெளி இருந்தது. அதில் மினுக்கி என்றொரு பச்சைத் தவளை வாழ்ந்தது.

அந்த வெளி முழுக்கக் குட்டிக் குட்டிக் குளங்கள். ஒவ்வொன்றும் ஒரு பெரிய சட்டியின் அகலம்தான். ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஒரு முழு வானம் கிடந்தது. ஒரு குளத்தில் இறங்கிய மேகம் அடுத்த குளத்தில் மெதுவாக ஏறிப் போகும். குளத்தின் விளிம்பில் அரைவட்டமாகச் சில பள்ளங்கள் உண்டு. மினுக்கியின் தலைப்பிரட்டைகள் அவற்றில்தான் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கும்.

"இந்தக் குளத்தையெல்லாம் வெட்டினது யாரு?" என்று கேட்டது அதன் சிநேகிதன் கருவண்டு.

"மழைதான்! வானத்திலிருந்து விரலை நீட்டி ஒவ்வொண்ணா அமுக்கும். பிள்ளைங்க தூங்கத் தொட்டில்கூட வெச்சிருக்கு பாரு!"

மழை அப்படி விரலை நீட்டியதை மினுக்கி பார்த்ததே இல்லை. இருந்தும் அதற்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

மினுக்கிக்கு ஒரே ஒரு கவலை. அந்த வழியாக யானைகள் வரும். நிலம் குலுங்கும், தண்ணீர் தளும்பும். ஒருநாள் ஒரு பெரிய கால் நேராக முட்டைகள் நிறைந்த குளத்திலேயே இறங்கிவிட்டது.

மறுநாள் மினுக்கி வண்டிடம் சொன்னது: "இந்த யானைங்களை விரட்டினாத்தான் எனக்கு நிம்மதி!"

"விரட்டறதா? நீயா?" வண்டு விழுந்து விழுந்து சிரித்தது.

"யானைக்குத் தேனீன்னா பயம். நீ அந்தக் காய்ஞ்ச மூங்கிலுக்குள்ள உட்கார்ந்து ரீங்காரம் பண்ணு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்!"

யானைக் கூட்டம் வந்தது. முன்னால் தலைவி, அதன் காலோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. வண்டு பாட ஆரம்பித்தது. மூங்கில் குழாய்க்குள் அந்த ஒற்றைக் குரல் பெருகி, ஒரு தேன்கூடே கலைந்து வருவதுபோலக் கேட்டது.

"பெரியம்மா! நில்லுங்க! அத்தனையும் தேனீ! குட்டியோட துதிக்கை வீங்கிப் போகும்!"

தலைவி காதை விரித்துக் கேட்டது. "நல்லவேளை சொன்னே, கண்ணு! நாங்க மேற்கே சுத்திப் போயிடறோம்."

யானைகள் திரும்பிப் போயின. மினுக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு வெளியில் அப்படியொரு அமைதி. மூங்கில் இலைகள் சுழன்று சுழன்று இறங்கின. மினுக்கி பாதித் தூக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. இலை மேல் இலை விழுந்தது. அதன் மேல் மண் சரிந்தது. ஒரு குளம் மூடிக்கொண்டது. மினுக்கி கவனிக்கவில்லை. பிறகு இன்னொன்று மூடியது. அதன் வானமும் கூடவே போயிற்று.

மழை பெய்தது. தட்டையான மண்ணில் விழுந்து, வழிந்து, ஓடியே போய்விட்டது. ஒரு குளம்கூட வெட்டவில்லை.

"மழைக்கு என்ன ஆச்சு? மறந்துடுச்சா?" என்று புலம்பியது மினுக்கி.

வெயில் காலம் வந்தபோது ஒரே ஒரு குளம் மிச்சம் இருந்தது. அதற்குள் இன்னும் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள். தண்ணீர் தினமும் சுருங்கியது. கால் முளைக்கும்வரை அது தாங்காது என்று மினுக்கிக்குத் தெரிந்தது.

அப்போது வண்டு பறந்து வந்தது. "மினுக்கி! மேற்கே புதுசு புதுசாக் குளம்! வரிசையாப் போகுது! விளிம்பில அதே தொட்டில்! வரிசை முடியற இடத்தில என்ன நிக்குது தெரியுமா? யானை! அது காலைத் தூக்கினா, அடியில ஒரு குளம்! நீ தொட்டில்னு சொன்னது அதோட கால்நகம் பதிஞ்ச தடம்!"

மினுக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது உடனே மேற்கே தாவியது. காய்ந்த மண் வயிற்றைச் சுட்டது. நிற்காமல் தாவியது.

"பெரியம்மா! நான் சொன்னது பொய்! தேனீயே இல்லை, ஒரே ஒரு வண்டுதான்! என் பிள்ளைங்க காயுது. திரும்ப வந்து நடங்க!"

"சுத்து வழியில நடந்து என் குட்டிக்குக் கால் நொந்துபோச்சு. அது தெரியுமா உனக்கு?" என்றது தலைவி.

மினுக்கி தலை கவிழ்ந்தது.

தலைவி தன் முன்னங்காலைத் தூக்கி அதிசயமாகப் பார்த்தது. "நானா குளம் வெட்டறேன்? நான் சும்மா நடக்கத்தானே செஞ்சேன்! சரி, வரேன். ஆனா என் கால் எங்கே விழும்னு எனக்கே தெரியாது, கண்ணு. உன் பிள்ளைங்க மேலேயும் விழலாம்."

மினுக்கி கடைசிக் குளம் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தது. "அப்படின்னா என்னைத் துதிக்கை நுனியில வெச்சுக்கோங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

யானைக் கூட்டம் பழைய வழியில் வந்தது. துதிக்கை நுனியில் ஆடிக்கொண்டே வந்த மினுக்கி கத்தியது. "இடது பக்கம்! இன்னும் கொஞ்சம்! அங்கேதான், வைங்க!"

கடைசிக் குளத்தை ஒட்டி அந்தப் பெரிய கால் இறங்கியது. சேறு பெருமூச்சு விட்டது. காலைத் தூக்கியதும் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஊறி நிறைந்தது. நடுவிலிருந்த கரை உடைந்தது. தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கிப் புதுக் குளத்துக்குள் போயின. ஓரத்தில் இருந்த சில மட்டும் சேற்றோடு போய்விட்டன. மினுக்கி அவற்றுக்காக அழுதது. பிறகு, "நில்லாதீங்க பெரியம்மா, நடங்க!" என்றது.

தலைவி நடந்தது. அதன் பின்னால் ஒவ்வொரு குளமாக, ஒவ்வொரு வானமாகத் திறந்துகொண்டே போயிற்று.

தொந்தரவு என்று ஒருவரை விரட்டுவதற்கு முன், நாம் குடியிருப்பது அவர் பதித்த தடத்தில்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.