சிங்கிளா, டபுள்ஸா?

"சைக்கிள்ல மோட்டார் வைக்கணும். எதுலயிருந்து ஆரம்பிக்க?"

லிங்கதுரை கேட்டது இவ்வளவுதான்.

ஜெனோவா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. தலையை மட்டும் தூக்கினாள்.

"சிங்கிளா, டபுள்ஸா?"

"சிங்கிள்."

பதில் பட்டென்று வந்தது. கொஞ்சம் கூடுதலாகவே பட்டென்று வந்தது.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பளத்தில் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பழைய சைக்கிள்களுக்கு இன்ஜின் மாட்டிக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு கிறுக்கு அவளுக்கு. அவள் மாட்டியது ஒன்பது சைக்கிள், ஒன்பதும் ஓடுகிறது.

ஐம்பத்து நாலு வயதில் இவருக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்கிறீர்களா? ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான்.

உப்பளத்துக்கு நடுவே ஒரு ஓடைப் பாலம். அதற்கு அந்தப் பக்கம் தம்பி அய்யாத்துரையின் வீடு. தம்பி செத்துப் பதினோரு வருஷம். தம்பி மகள் பொன்செல்விக்கு அடுத்த மாதம் கல்யாணம். "அப்பா இடத்துல நின்னு நீங்கதான் தாரை வார்க்கணும் பெரியப்பா, வந்து பேசுங்க" என்று போனில் அழுதிருக்கிறாள்.

போகணும். ஆனால் பாலத்து ஏற்றத்தில் சக்கரம் ஏறியதும் அவர் கால் ரெண்டும் மரத்துப் போகும். பெடல் நகராது. பஸ்ஸில் போனாலும் பாலத்துக்கு முன்னாலேயே விசிலடிக்கச் சொல்லி இறங்கிவிடுவார். பதினோரு வருஷமாக இதே கதை.

மோட்டாருக்குக் கால் இல்லையே. மரத்துப் போகாதே. அதுதான் அவர் கணக்கு.

முதல் ஞாயிறு பிரேக்கை மட்டும் மாற்றச் சொன்னாள்.

"இன்ஜினை எப்பம்மா தொடுவோம்?"

"நிப்பாட்டத் தெரியாம ஓட்டிக் கிழிக்கப் போறீயளா அண்ணாச்சி?"

அடுத்த ஞாயிறு சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்க வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறுதான் சைக்கிளின் முக்கோணத்துக்குள் அந்தக் குட்டி இன்ஜின் உட்கார்ந்தது. லிங்கதுரைக்குக் குழந்தைப் பிள்ளை மாதிரி சிரிப்பு.

கடைசியாக, பின்சக்கரத்தில் மாட்டுவதற்காக ஆணியில் தொங்கிய ரெண்டு பல்சக்கரங்களைக் காட்டினாள்.

"பல்லு குறைச்சல்னா வேகம். பல்லு கூடன்னா இழுவை. ஒத்த ஆளுக்குச் சின்னது போதும். சிங்கிள்தான?"

"சிங்கிள்தான்."

சின்னதைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவரைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த கேரியரைப் பார்த்தாள்.

உச்சி வெயில். உப்புப் பாத்தி ரெண்டு பக்கமும் கண்ணைக் குத்தியது. ஈ காக்கா இல்லை.

நாலு மிதி மிதித்துக் கிளட்சை விட்டார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆகா, என்ன ஓட்டம்! காது வரைக்கும் வாய் அவருக்கு.

பாலத்து ஏற்றம் வந்தது.

இன்ஜின் முக்கியது. முனகியது. பாதி ஏற்றத்தில் நின்றது.

அந்த அமைதியில் பின்னால் கேரியர் கிரீச்சென்றது. உட்கார்ந்திருப்பவர் புட்டம் மாற்றி உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

லிங்கதுரை திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள் தானாகவே பின்னால் உருண்டு வந்து சமதரையில் நின்றது.

திரும்பக் கொட்டகைக்கே வந்தார்.

"பிளக் பார்த்தேன். பெட்ரோல் பார்த்தேன். சமதரையில ஓடுது, ஏத்தத்துல சாவுது. எங்க தப்பு?"

"சிங்கிளா, டபுள்ஸா?"

"எத்தனை வாட்டி சொல்றதும்மா? சிங்கிள், சிங்கிள், சிங்கிள்!"

ஜெனோவா கோபப்படவில்லை. சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. பின்டயர் தரையில் அமுங்கிப் பரந்திருந்தது. விரலால் அழுத்திக் காட்டினாள். காற்று கல்லு மாதிரி நிறைந்திருந்தது.

"உங்க வேலை என்ன அண்ணாச்சி?"

"எடை போடறது."

"போடுங்க."

மறுநாள் மத்தியானம் லாரி வராத நேரம் பார்த்து சைக்கிளை மேடைக்கு நடுவில் நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டார். இறங்கி அறைக்குள் போனார். வெற்று சைக்கிள், இன்ஜின், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து முப்பது கிலோ வரும். அவருக்குத் தெரியாத எடையா?

திரையில் தொண்ணூறு.

அணைத்துவிட்டுப் போட்டார். தொண்ணூறு.

மேடையில் சைக்கிளைத் தவிர ஒன்றுமில்லை. வெயில் மட்டும் இருந்தது.

ஒரு காலத்தில் விளையாட்டுக்கு அய்யாத்துரையை இதே மேடையில் நிறுத்திப் பார்த்திருக்கிறார். "அறுபது கிலோதான்லே இருக்க, சோறு தின்னுலே" என்று சிரித்திருக்கிறார்.

சைக்கிளை ஓட்டிக்கொண்டு போக மனசு துணியவில்லை. சாயங்காலம் கொட்டகை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார், நாலு கிலோமீட்டர். கனமாக இருந்தது.

ஜெனோவா கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"டபுள்ஸ்."

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷம் முன்னால, தம்பிக்கு நெஞ்சு வலின்னு டவுன்ல டாக்டரைப் பார்த்துட்டு இதே சைக்கிள்ல அவன் வீட்டுல விடக் கூட்டிட்டுப் போனேன். எதுக்காத்து. மிதிக்க முடியல. ஏத்தத்துல பின்னால இருக்கவங்க இறங்கி நடக்கறது வழக்கம்தான? 'இறங்கிக்கோலே, பாலம் தாண்டி ஏத்திக்கிறேன்'னேன். இறங்கினான்."

"பெறகு?"

"தாண்டினேன். வெயில் தாங்கல. பொறுமை இல்ல. வீடு கிட்டத்தானே, நடந்து வரட்டும்னு மிதிச்சுட்டேன்."

கேரியர் கம்பியைக் கையால் தடவினார்.

"பாலத்துலயே விழுந்து கிடந்தான். அவன் பொண்டாட்டி கேட்டா, சேர்ந்து வந்தீயளான்னு. இல்ல, நான் சிங்கிளாத்தான் வந்தேன்னு சொன்னேன். போலீசு கேட்டுச்சு. அதையேதான் சொன்னேன். ஏத்திக்கிறேன்னு சொன்னேம்மா. ஏத்திக்கல."

ஜெனோவா எழுந்தாள். ஆணியிலிருந்து பெரிய பல்சக்கரத்தை எடுத்தாள். அதற்கு ஏற்கெனவே எண்ணெய் போட்டிருந்தது. கூடவே ரெண்டு இரும்புக் கட்டைகள், புதிதாக வெல்டிங் செய்தவை.

"இது எதுக்கு?"

"பின்னால இருக்கவங்களுக்குக் கால் வைக்க இடம் வேண்டாமா? பதினோரு வருஷமா தொங்கப் போட்டுட்டு வர்றாங்க."

"எம்மா... அவன் இறங்கிப் போயிர ஏதாவது வழி இருக்கா?"

"என்கிட்ட இன்ஜின் மாட்டத்தான் கேட்டீய."

மறுபடி உச்சி வெயில். மறுபடி ஏற்றம்.

பெரிய பல்சக்கரம் வேகம் தரவில்லை. ஆனால் விடாமல் இழுத்தது. பாதி ஏற்றத்தில் இன்ஜின் முனக ஆரம்பித்தது. பின்னால் கேரியர் கிரீச்சென்றது, ஒருவர் இறங்குவதற்குக் காலை ஊன்றத் தேடுகிற மாதிரி.

லிங்கதுரைக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய். திரும்பாமலே சொன்னார்.

"இறங்காதலே. நல்லா உக்காந்துக்க."

ரெண்டு இரும்புக் கட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக லேசாக அதிர்ந்தன.

சைக்கிள் பாலத்தைத் தாண்டியது.

மோட்டார் சத்தம் கேட்டுப் பொன்செல்வி வாசலுக்கு ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு.

"வாங்க பெரியப்பா! இந்த வெயில்ல ஒத்தையிலயா வந்தீய?"

ஊரில் யார் வந்தாலும் கேட்கிற கேள்விதான்.

லிங்கதுரை இன்ஜினை அணைத்தார். சின்னவளைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தார்.

"இல்ல தாயி. டபுள்ஸ்."

ஈரக் கை அப்படியே நின்றது.

"அன்னைக்கும் டபுள்ஸ்தான்."