கடைசி மாடம்

இத்தாலியில், உம்பிரியா மலைச்சரிவில் ஒரு கன்னியர் மடம். அதைக் கட்டிக்கொடுத்தவர்கள் ரவால்தி என்ற பிரபுக் குடும்பத்தார். மடத்துக் கோயிலின் அடியில் இருந்த நிலவறையில் அந்தக் குடும்பத்தாரை மட்டுமே அடக்கம் செய்வது வழக்கம். சுவரில் குடைந்த இருபது மாடங்களில் ஒன்றுதான் காலியாக மிஞ்சியிருந்தது.

மடத்தலைவி செலெஸ்தினாவுக்கு முழங்கால் போய்விட்டது. படி இறங்கினால் ஏற முடியாது. யார் எதைக் கேட்டாலும், மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் சரி என்றுவிடுவாள். குடும்பத்தின் மூத்த விதவை லவீனியா சீமாட்டி மடத்திலேயே வந்து தங்கி, "அந்தக் கடைசி இடம் எனக்குத்தானே? பக்கத்து மாடத்தில் என் மகள் இருக்கிறாள்" என்று கேட்டபோதும் அப்படித்தான் வாக்குக் கொடுத்தாள். ஆனால் மடத்தின் சாசனத்தில் இருந்தது வேறு: முதலில் இறப்பவருக்கே இடம்.

ஆகஸ்டு மாத வெயிலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. குதிரையிலிருந்து விழுந்து இறந்த இளம் வாரிசு எர்கோலேயின் சவப்பெட்டி அதில் இருந்தது. கூட வந்த சித்தப்பா பால்தசாரே சாசனத்தின் நகலை நீட்டினார்.

"மூன்று நாள் பயணம், தாயே. இனியும் தாங்காது. நீங்கள் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்களோ, எனக்குத் தெரியாது."

செலெஸ்தினா மாடத்தைத் திறக்கச் சொன்னாள். மாலைக்குள் கல் வைத்துப் பூசி மூடியாயிற்று. மாடியில் நோயாய்க் கிடந்த தன் பெரியம்மா லவீனியாவை எட்டிக்கூடப் பார்க்காமல் பால்தசாரே வண்டியேறினார்.

"இது தெரிந்தால் சீமாட்டி பிழைக்கமாட்டார்கள். யாரும் வாய் திறக்கக்கூடாது" என்று மடத்தலைவி கட்டளையிட்டாள்.

தினமும் காலையில் லவீனியா கேட்பாள்: "என் இடம் பத்திரமா?"

"பத்திரம்" என்பாள் செலெஸ்தினா. வெளியே வந்து, சற்று நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

லவீனியாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டவள் ஓர்சோலா என்ற கன்னியாஸ்திரி. பத்தாம் நாள் லவீனியா அவளிடம், "உங்கள் தலைவி ஏன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை?" என்றாள். கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்து மடத்தில் சேர்ந்தவள் ஓர்சோலா. ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

லவீனியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"கொன்றுவிட்டாயே" என்றாள் செலெஸ்தினா ஓர்சோலாவிடம். கோபப்படக்கூட அவளிடம் சக்தி இல்லை.

சாசனத்தைக் காட்டி இடம் கேட்டார் பால்தசாரே. நோயாளியின் நிம்மதிக்காகப் பொய் சொன்னாள் செலெஸ்தினா. கட்டளையை மீறி உண்மையைச் சொன்னாள் ஓர்சோலா. வாசகரே, இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பால்தசாரே கேட்டது நியாயமே. ஆனால் அந்தச் செய்தியைப் பெரியம்மாவிடம் அவரே சொல்லியிருக்கவேண்டும். செலெஸ்தினாவின் பொய்யில் இரக்கம் பாதி, அலுப்பு பாதி. ஓர்சோலா செய்ததே சரி. மூன்றாம் நாள் லவீனியா தலைவியை அழைத்து, "உட்காருங்கள், எத்தனை நாள்தான் நிற்பீர்கள்?" என்றாள். பிறகு, மகளின் மாடத்துக்கு நேர் கீழே, தரையைத் தோண்டித் தன்னை வைக்கச் சொன்னாள். பிரபு வீட்டாரைத் தரையில் வைப்பதில்லை என்று செலெஸ்தினா தயங்கினாள். "என் பெண்ணுக்கு அது தெரியவா போகிறது?" என்றாள் லவீனியா. உண்மை தெரியாமலே கண்ணை மூடியிருந்தால், மாடம் இல்லையென்று தோட்டத்தில் எங்கோ ஒரு மூலையில் லவீனியாவைப் புதைத்திருப்பார்கள்.