அரசர் நின்ற நடுக்கோடு

“தொட்டேன்டா!”

“எங்கேடா தொட்டே? என் வேட்டியைத் தொட்டே!”

“வேட்டி யாரு மேல இருந்துச்சு? உன் மேலதானே?”

“அப்ப என் வேட்டியை வெளியே போகச் சொல்லு. நான் உள்ளேதான் நிப்பேன்!”

கோட்டை மதிலுக்கு வெளியே இருந்த பொட்டலில் இந்தச் சண்டை. மேல்மாடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அரசருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற அரண்மனை விகடகவி மாசிலாமணிக்கும்தான்.

இதெல்லாம் முன்னொரு காலத்தில் நடந்தது. எவ்வளவு முன்னே என்றால், ஆடுகளத்துக்குக் கோடு போடவேண்டும், இரண்டு பக்கமும் ஆள் சமமாக இருக்கவேண்டும் என்றெல்லாம் யாருக்கும் தோன்றாத காலம். நெடுங்கரைக்காரர்களும் பனைமேட்டுக்காரர்களும் அறுவடை முடிந்ததும் சடுகுடு ஆடுவார்கள். மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய், ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பவேண்டும். தொடப்பட்டவன் வெளியே. அதுவரைக்கும் இரண்டு ஊருக்கும் ஒத்துப்போகும். அதற்குமேல் ஒன்றும் ஒத்துப்போகாது. நெடுங்கரையில், தன் பக்கத்து ஆள் எதிரியைத் தொட்டு வந்தால் வெளியே போனவன் மறுபடி உள்ளே வரலாம். பனைமேட்டில் வெளியே போனவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கவேண்டியதுதான். ஆட்டம் பொட்டலில் ஆரம்பித்து வைத்தியர் வீட்டு வாசலில் முடியும். ஜெயித்தது யார் என்று ஒரு வருடமும் தெரிந்ததில்லை.

அரசருக்கும் சடுகுடு ஆசை உண்டு. அரண்மனைக் காவலர்களோடு ஆடுவார். அவர் பாட ஆரம்பிக்கும் முன்பே காவலர்கள் தாங்களாகவே குப்புற விழுந்துவிடுவார்கள். ஜெயித்து ஜெயித்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

“இந்த இரண்டு ஊரும் ஆடும் ஆட்டத்தில் நானும் களத்தில் இறங்கவேண்டும்” என்றார் அரசர்.

தளவாய் வீரபாகுவுக்கு இது போதும். போன திருவிழாவில் தனக்கு வரவேண்டிய பட்டுச் சால்வை மாசிலாமணி தோளில் விழுந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. கைகட்டி முன்னே வந்தார்.

“பேஷான யோசனை, மகாராஜா! ஆனால் தாங்கள் தோற்கக்கூடாது. உங்களுக்காக யாரும் விட்டுக்கொடுக்கவும் கூடாது. அரச மேனியில் எவன் கை பட்டாலும், அவன் எவனாயிருந்தாலும், கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடவேண்டும். இவ்வளவையும் ஏற்பாடு செய்ய நம் மாசிலாமணியை விட்டால் யார்? தவறினால் அவருக்கும் அதே கழுதை.”

“அப்படியே ஆகட்டும்” என்று அரசர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மாசிலாமணி மேல்மாடத்துப் படியில் உட்கார்ந்து யோசித்தார். சடுகுடுவே தொடுகிற ஆட்டம். அதில் ஒருவரைத் தொடவே கூடாது, அவர் தோற்கவும் கூடாது, யாரும் விட்டுக்கொடுக்கவும் கூடாது என்றால் எப்படி? கழுதைமேல் போனால்கூடப் பரவாயில்லை. அதற்கு அப்புறம் இந்த ஊரில் யார் அவர் சொல்லும் வேடிக்கைக்குச் சிரிப்பார்கள்? அவரைப் பார்த்தல்லவா சிரிப்பார்கள்!

சரி, முதலில் ஆட்டத்தை ஒழுங்கு பண்ணுவோம் என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் பொட்டலுக்குக் கூப்பிட்டார்.

“செத்தவன் திரும்பி வந்தா அது ஆட்டமாய்யா, மறுபிறவியா?” என்றார் பனைமேட்டு மூக்கன்.

“உங்க ஊர்ல ஆட்டமா நடக்குது? எழவு வீடு மாதிரி ஒவ்வொருத்தனா எந்திரிச்சுப் போறான்!” என்றார் நெடுங்கரை சங்கிலி.

“ரெண்டு பேரும் சொல்றது சரி” என்றார் மாசிலாமணி. “பாதி ஆட்டம் நெடுங்கரை வழக்கம். அப்புறம் சங்கு ஊதுவோம், எல்லாரும் பானகம் குடிங்க. மீதி ஆட்டம் பனைமேட்டு வழக்கம். பக்கத்துக்கு ஏழு பேர். சுண்ணாம்புல கோடு. சரிதானா?”

இரண்டு பேரும் அதில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

“அதெல்லாம் சரிங்க. தொட்டானா தொடலையான்னு யாரு சொல்றது?” என்றார் சங்கிலி. “அவங்க ஊர் ஆளு சொன்னா நாங்க கேப்போமா?”

“எங்க ஊர்லயும் பொண்ணு கட்டாதவன், அவங்க ஊர்லயும் பொண்ணு குடுக்காதவன் ஒருத்தன் இருந்தா கூட்டிட்டு வாங்க, பாப்போம்” என்றார் மூக்கன். “உங்க தளவாயே இவங்க ஊர்லதான் பொண்ணு குடுத்திருக்காரு. இந்தச் சீமையில அப்படி ஒரு ஆளு எங்கய்யா இருக்கான்?”

மாசிலாமணி மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூக்கனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். மூக்கனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆட்டத்து நாளில் அரசர் கச்சை கட்டிக்கொண்டு தொடையைத் தட்டியபடி வந்தார். ஓரமாக ஒரு கழுதை கட்டியிருந்தது. தளவாயின் ஏற்பாடு. அதன் நெற்றியில் பொட்டு வேறு வைத்திருந்தார்.

“நான் எந்தப் பக்கம், மாசிலாமணி?”

மாசிலாமணி அவரை நடுக்கோட்டின் முனைக்கு அழைத்துப்போய், சுற்றி ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டார்.

“இங்கேதான், மகாராஜா. இரண்டு பக்கமும் உங்கள் பக்கம். எதிர்ப்பக்கமே இல்லாதவரை யார் தொடுவார்கள்? எதிரியே இல்லாதவர் யாரிடம் தோற்பார்? உங்களுக்கு யாரும் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.”

“வெறுமனே நிற்கவா வந்தேன்?” அரசர் முகம் சுருங்கியது. தளவாய் மீசைக்குள் சிரித்தார்.

அதற்குள் முதல் ஆள் பாடிப் போய்த் திரும்பிவிட்டான். “தொட்டேன்!” “தொடலை!” என்று கூச்சல். சட்டென்று பதினான்கு பேரும் அரசரைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பார்க்கிறார்கள்?”

“இங்கே மற்ற எல்லாருக்கும் ஏதாவது ஓர் ஊரில் சம்பந்தம் இருக்கிறது, மகாராஜா. உங்களுக்குத்தான் இல்லை. நீங்கள் சொன்னால்தான் ஆட்டம் நகரும்.”

அரசர் தயங்கினார். “முழங்கையில்... தொட்டான். நான் பார்த்தேன்.”

தொடப்பட்டவன் முனகிக்கொண்டே வெளியே போனான். சண்டை இல்லை! அரசருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. குனிந்து பார்த்தார், மண்டிபோட்டுப் பார்த்தார். சங்கு ஊதுவதற்குள், “ஏய், மூச்சு விட்டுட்டே! போடா வெளியே!” என்று பொட்டல் பாஷைக்கே வந்துவிட்டார்.

பானகம் குடித்து, பனைமேட்டு வழக்கப்படி மீதி ஆட்டம். கடைசியில் பக்கத்துக்கு ஒருவன்தான் மிச்சம். நெடுங்கரைக்காக மிஞ்சியவன் தளவாயின் மாப்பிள்ளை. பாடிப் போனான், பனைமேட்டான் காலைப் பிடித்தான், மாப்பிள்ளை இழுத்துக்கொண்டே வந்து கையை நீட்டினான். விரலுக்கும் கோட்டுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மூச்சு போய்விட்டது.

“கோட்டைத் தொடலை!” என்றார் அரசர். “பனைமேடு ஜெயிச்சாச்சு!”

“அநியாயம்! தொட்டுட்டான்! என் மாப்பிள்ளை தொட்டுட்டான்!” என்று கத்திக்கொண்டு களத்துக்குள் ஓடிவந்தார் தளவாய். சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டி, அரசரின் கையைப் பிடித்து இழுத்தார். “இங்க வந்து பாருங்கய்யா, நல்லாப் பாருங்க!”

ஆடியவர்கள் எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். கழுதை மட்டும் ஒரு தடவை கத்தியது.

தளவாய் தான் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கை யாருடையது என்று பார்த்தார்.

“மகாராஜா,” என்றார் மாசிலாமணி பணிவாக, “மற்றவர்களைத் தொட்டால் தொடப்பட்டவன் வெளியே. இந்த ஒருவரைத் தொட்டால் தொட்டவன் வெளியே. நானாகச் சொல்லவில்லை. தளவாய் போட்ட சட்டம்தான்.”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தளவாய்! போய்யா வெளியே! கழுதை காத்துக்கிட்டிருக்கு!” இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

“உமக்கு என்ன வேண்டும், கேளும்” என்றார் அரசர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஊர்வலம் வேண்டாம், மகாராஜா. தளவாய் பாவம். அந்தக் கழுதையை எனக்குக் கொடுங்கள். வருடாவருடம் பாதி ஆட்டத்தில் பானகப் பானை சுமக்க ஆகும். கயிற்றைப் பிடித்துக் கூட்டிவரத் தளவாயை அனுப்பினால் போதும்.”

கழுதை கிடைத்தது, கூடவே இன்னொரு பட்டுச் சால்வையும். அடுத்த வருடத்திலிருந்து பானகம் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

மூக்கனும் சங்கிலியும் மட்டும் கடைசிவரை அந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ளவே இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: உங்கள் ஊர் சடுகுடுவில் வெளியே போனவன் திரும்ப உள்ளே வரலாமா, வீட்டுக்குத்தான் போகவேண்டுமா? எந்த ஊர், என்ன வழக்கம் என்று கீழே கட்டாயம் பதில் எழுதுங்கள்.