டிஸ்கம்பாபுலேட்டட் கல்யாணம்

மந்தப்பாளையத்தில் யோசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாலு பேர் இருந்தார்கள். பொங்கியண்ணன், அவனுடைய கூட்டாளிகள் வேலப்பன், நாச்சிமுத்து, குப்புசாமி. ஊரில் எது கெட்டுப்போனாலும் அந்த நாலு பேரும் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் கெட்டிருக்கும்.

பொங்கியண்ணனுக்குப் பக்கத்து ஊர் ராக்கியண்ணனின் மகள் மயிலாத்தாள் மேல் கொள்ளை ஆசை. ராக்கியண்ணனோ ஒரே பிடியாக நின்றார். மாப்பிள்ளை தன் எதிரில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாத இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைப் பேச வேண்டும். இல்லாவிட்டால் பெண் இல்லை.

நாலு பேரும் டியூஷன் வாத்தியாரிடம் ஓடினார்கள். அவர் டிஸ்கம்பாபுலேட்டட் என்ற வார்த்தையைக் கொடுத்தார். தலைகால் புரியாமல் குழம்பிப்போன நிலை என்று பொருளும் சொன்னார். "குழப்பம் இருக்கிற இடத்துலதான் சொல்லோணும். இல்லாத இடத்துல சொன்னா தப்பு" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

பஸ் ஸ்டாப்பில் விவாதம் நடந்தது.

"அங்க குழப்பம் இல்லீன்னா என்ன பண்றது?" என்றான் பொங்கியண்ணன்.

"பொண்ணு வீட்டுல பஜ்ஜி இருக்கும், காப்பி இருக்கும். குழப்பத்தை நம்பிப் போக முடியாது" என்றான் நாச்சிமுத்து.

"அப்ப நாமளே கொண்டுபோயிரலாம்" என்றான் வேலப்பன். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை என்று மற்றவர்களுக்கும் பட்டது.

பெண் வீட்டில் எல்லாம் பாழாய்ப்போன ஒழுங்கோடு நடந்தது. பொறுக்க முடியாமல் வேலப்பன் எழுந்துபோய் வாசலில் கட்டியிருந்த எருமையை அவிழ்த்துவிட்டான். நாச்சிமுத்து எல்லோருடைய செருப்பையும் அள்ளிச் சமையலறையில் வைத்தான். குப்புசாமி மாப்பிள்ளையை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டான். எருமை வீட்டுக்குள் வந்தது. பெண்ணின் சித்தப்பா பஜ்ஜித் தட்டோடு கட்டில் மேல் ஏறினார். மயிலாத்தாள் காப்பியைக் குப்புசாமியிடம் நீட்டினாள். அவன் குடித்தும் விட்டான். இதில் யார்தான் மாப்பிள்ளை என்று ராக்கியண்ணன் அலறினார்.

பொங்கியண்ணன் காலரைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னான்: "டிஸ்கம்பாபுலேட்டட்டுங்க மாமா."

"அப்படின்னா?"

"இதுதானுங்க" என்று வீட்டைச் சுற்றிக் கையைக் காட்டினான்.

ராக்கியண்ணனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு வார்த்தையின் பொருளை இவ்வளவு தெளிவாக அவருக்கு யாரும் விளக்கியதில்லை. பெண்ணைத் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார். கல்யாணத்தன்று சொந்தபந்தங்களுக்கும் இதேபோல் புரியவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மகளையும் அந்த வார்த்தையை மனப்பாடம் செய்ய வைத்தார்.

கூட்டாளிகள் இந்தத் தடவை எருமையை நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை ஒரு மண்டபத்துக்கும் பெண் வீட்டாரை வேறொரு மண்டபத்துக்கும் வரச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

முகூர்த்த நேரம் வந்தது. கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யார் கழுத்தில் கட்டுவது என்று பொங்கியண்ணனைக் கேட்டார். அவன் பக்கத்தில் காலியாகக் கிடந்த மணையைப் பார்த்தான். வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்க்காது என்று பூரித்துப்போய், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான். ஊரின் அந்தக் கோடி மண்டபத்தில் மயிலாத்தாளும் தன் பக்கத்துக் காலி மணையைப் பார்த்து, அதே நேரத்தில் அதே வார்த்தையைச் சொன்னாளாம்.

இப்படி மனமொத்த ஜோடியைப் பார்த்ததே இல்லை என்று இரண்டு மண்டபத்திலும் ஜனங்கள் மெச்சி, அவரவர் மண்டபத்து மணையில் அரிசியைத் தூவி வாழ்த்திவிட்டு, பந்திக்குப் போனார்கள்.