பால்சோற்றுக்குப் பத்துப் பணத்து உப்பு

முன்னொரு காலத்தில், கடலை ஒட்டிய ஒரு நாட்டை ஆண்ட அரசருக்கு நாற்பத்தெட்டாம் வயதில் ஆண் குழந்தை பிறந்தது. அந்த மகிழ்ச்சியில் அவருக்கு ஒரு விபரீத ஆசை வந்துவிட்டது. "இளவரசனுக்கு முதல் சோறு ஊட்டும் நாள் வரைக்கும், என் முன்னால் வந்து கேட்பவர் யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன்" என்று சபையில் அறிவித்தார்.

முதலில் வந்து நின்றவர் உப்புப் பண்டகசாலை அதிகாரி மதிவாணராயர். கட்டிய மனைவி வேம்பாயியை விலக்கிவிட்டுப் பிரதானியின் மகளை மணந்துகொண்டவர் அவர். வேம்பாயியிடம் செவந்தி என்ற மூன்று வயதுப் பெண் குழந்தை இருந்தது. குழந்தை வளரும் வரை தகப்பன் மாதம் பத்துப் பணம் தர வேண்டும் என்று அரசரே முன்பு தீர்ப்புச் சொல்லியிருந்தார். அதைப் பால்சோற்றுப் பணம் என்பார்கள்.

"என்ன வேண்டும், ராயரே?"

"பெரிதாக ஒன்றும் இல்லை, அரசே. பால்சோற்றுப் பணத்தைப் பணமாகத் தராமல் பொருளாகத் தர அனுமதி வேண்டும். பணத்தைக் கண்டால் அவள் பூவும் வளையலும் வாங்கிவிடுகிறாள். பொருளாகப் போனால் குழந்தைக்குச் சேரும்."

"நியாயம்தான். பத்துப் பணத்துப் பொருள் பத்துப் பணத்துக்குச் சமம். அப்படியே தாரும்."

சபையின் ஓரத்தில் விகடகவி சாத்தையன் உட்கார்ந்திருந்தான். "என்ன பொருள் என்று ஒரு வார்த்தை கேட்கலாமே, அரசே" என்றான்.

பிரதானி திரும்பிப் பார்த்தார். "கொடுப்பவர் தகப்பன். வாங்குபவள் தாய். நடுவில் கோமாளிக்கு என்ன வேலை?"

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். ஓலை எழுதி முத்திரை வைத்தாயிற்று.

ஐந்து மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை காலையில் வேம்பாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாத்தையன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன தாயி, அஞ்சு மாசமா ராயர் என்ன குடுத்தாரு?"

"உப்பு."

"வேற?"

"உப்புதான் ஐயா. மாசம் ஆறு மூட்டை."

சாத்தையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். அந்த நாட்டில் உப்பு அரசருடைய சொத்து. பண்டகசாலையைத் தவிர வேறு யார் விற்றாலும், பண்டமாற்றாகக் கொடுத்தாலும் கசையடி.

"குடிசைக்குள்ள படுக்க எடமில்ல. மூட்டை மேலதான் புள்ளயப் போட்டு வச்சிருக்கேன்" என்றாள் வேம்பாயி.

"கூலிக்குப் போகலையா?"

"இந்த ஊர்ல உப்பளத்த விட்டா வேற என்ன கூலி? அங்க அவருதானே அதிகாரி. வேம்பாயியச் சேக்காதீங்கன்னு சொல்லி வச்சிருக்காரு."

"புள்ள என்ன திங்குது?"

"அக்கம்பக்கத்துல வடிக்கிற கஞ்சித்தண்ணி. உப்பு மட்டும் கொறை வைக்காமப் போடுறேன்."

அவளே தொடர்ந்தாள்.

"மலையடிவாரத்துலேருந்து மஞ்சள் ஏத்திக்கிட்டு ஒரு வண்டி வரும்ல, அந்த வண்டிக்கார அம்மாவுக்குப் புள்ள இல்ல. போன வருசமே செவந்தியக் கேட்டாங்க. நாளைக்கு வராங்க. வந்துட்டுப் போனா அடுத்த வருசந்தான்."

"குடுத்துரலாம்னு இருக்கியா?"

"குடுக்கக் கூடாதுன்னுதான ஐயா உங்ககிட்ட வந்தேன். கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டேன்னு ராசா சொல்லியிருக்காராமே. என்னை வாசல்லயே பிரதானி ஆளுங்க மறிக்கிறாங்க. நீங்க இன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லக் கூடாதா?"

சாத்தையன் மனத்தில் அதற்குள் ஒரு விகடம் முளைவிட்டிருந்தது. "கேக்கலாம் தாயி. கேட்டாப் பணம் கிடைச்சிரும். ஆனா ராயர் அடுத்த மாசமே வேற ஒரு தந்திரத்தோட வந்து நிப்பாரு. சபை நடுவுல, அவர் வாயாலயே அவர் மாட்டணும். திங்கக்கெழம இளவரசருக்குச் சோறூட்டு. அன்னைக்கு வேடிக்கையப் பாரு. நடுவுல மூணு நாள்தான?"

உள்ளே போய் இரண்டு படி அரிசி கொண்டுவந்து அவள் முந்தானையில் கொட்டினான். "புள்ளைக்கு ஒடம்பு சுடுது" என்று சொல்லிக்கொண்டே அவள் படியிறங்கிப் போனாள். சாத்தையன் அப்போது வேறு யோசனையில் இருந்தான்.

சாத்தையன் தேடிய சந்தர்ப்பத்தைப் பிரதானியே தேடிக் கொடுத்தார். "இளவரசரின் முதல் கவளத்துக்கான பொறுப்பை இம்முறை விகடகவிக்கே தரலாம், அரசே" என்றார் மறுநாள். பிள்ளைகுட்டி இல்லாதவன், ஏதாவது பிசகு செய்து தலையைக் கொடுப்பான் என்பது அவர் கணக்கு. அரசர் பத்துப் பணத்தைச் சாத்தையன் கையில் வைத்தார்.

திங்கட்கிழமை சபை நிரம்பியிருந்தது. சாத்தையன் பட்டுத்துணியால் மூடிய பொற்கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான். தாய் ருசி பார்த்த பிறகே பிள்ளைக்கு ஊட்டுவது அங்கே வழக்கம். அரசி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். சட்டென்று குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது உப்பு" என்றார்.

அரசர் முகம் கறுத்தது. "சாத்தையா, பால்சோற்றுக்கு உன்னிடம் பத்துப் பணம் கொடுத்தேன்."

"அந்தப் பத்துப் பணத்துக்கும் சரியாக வாங்கியிருக்கிறேன், அரசே. மூட்டைகள் வாசலில் இருக்கின்றன. பத்துப் பணத்துப் பொருள் பத்துப் பணத்துக்குச் சமம் என்பது தங்கள் ஓலை."

"குழந்தை உப்பைத் தின்னுமா?"

"எனக்குப் பிள்ளை இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஒரு தகப்பனாரிடம் போய், பால்சோற்றுக்குப் பத்துப் பணத்துக்கு எதைத் தருவீர்கள் என்று கேட்டேன். 'அவளுக்காகத் தூது வந்தீரோ? என் மகளுக்கு இதைத்தான் தருகிறேன்' என்று சொல்லி, தம் கையாலேயே அளந்து போட்டார்."

"யார் அந்தத் தகப்பன்?"

"பிரதானிக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, அவர்தான்."

"ராயரே, இது குழந்தைக்குத் தரக்கூடிய பொருளா?"

சாத்தையன் கைகட்டி நின்றான். "ஆம் என்று சொன்னால் கிண்ணம் இளவரசருக்குப் போகும். இல்லை என்று சொன்னால், ஐந்து மாதமாகப் பெற்ற மகளுக்கு ஒன்றுமே தரவில்லை என்று ஆகும். அவசரமில்லை. யோசித்துச் சொல்லட்டும்."

ராயர் வாயைத் திறந்தார். மூடினார். மாமனாரைப் பார்த்தார். மாமனார் தூணைப் பார்த்தார். ராயர் மறுபடியும் வாயைத் திறந்தார்.

"கரையில் தூக்கிப் போட்ட கெண்டை மாதிரி இருக்கிறீரே ராயரே" என்று அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சபையும் சிரித்தது. "இனி மாதம் பிறந்த முதல் நாள், பணமாக, அந்தத் தாயின் கையில் தர வேண்டும். ஐந்து மாதப் பாக்கியை இப்போதே வையும்."

அரசி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் குழந்தையைக் கூட்டி வாருங்கள். அவளுக்கும் இங்கேயே ஊட்டுவோம்" என்றார்.

ஐம்பது பணத்தை எடுத்துக்கொண்டு சாத்தையனே போனான். வேம்பாயி குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"பணம் வந்திருச்சு தாயி. புள்ளயத் தூக்கிட்டு வா. ராணி கூப்பிடுறாங்க."

"எந்தப் புள்ளய?" என்றாள்.

சாத்தையன் குடிசைக்குள் எட்டிப் பார்த்தான். மூட்டைகள்தான் இருந்தன.

"காச்சல் கொறயல ஐயா. நீங்க குடுத்த அரிசிய வடிச்சு ஊட்டுனேன். வயித்துல தங்கல. வெள்ளிக்கெழம அந்த அம்மா வந்து பாலக் காச்சிக் குடுத்தாங்க. குடிச்சுட்டு அவங்க மடியிலயே தூங்கிருச்சு. எழுப்பி வாங்க மனசு வரல. தண்ணி வாத்துக் குடுத்துட்டேன்."

தண்ணீர் வார்த்துத் தத்துக் கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்கும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை. அரசராலும் கேட்க முடியாது.

"மூணு நாள் பொறுக்கச் சொன்னேனே" என்றான் சாத்தையன்.

"நான் பொறுத்தேன் ஐயா. அது பொறுக்கணுமே."

அவன் அரண்மனைக்குத் திரும்பியபோது அரசர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "வா சாத்தையா. ராயரின் முகத்தை இன்னொரு தரம் நடித்துக் காட்டு. என்ன பரிசு வேண்டும்?"

"ஒரு வண்டி வேண்டும், அரசே. மலையடிவாரம் வரை போக வேண்டும்."

"வண்டியா? அதில் என்ன விகடம் வைத்திருக்கிறாய்?"

"விகடம் இல்லை, அரசே. அந்தக் குழந்தை..."

"சொல்லாதே, சொல்லாதே. முடிவை நானே கண்டுபிடிக்கிறேன்" என்று அரசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சபை அவரோடு சிரித்தது. வண்டியும் கொடுத்து, முத்துமாலையும் பட்டுச் சால்வையும் போட்டு அனுப்பினார். அரசி எழுந்து குழந்தையோடு உள்ளே போய்விட்டார்.

வேம்பாயியை ஏற்றிக்கொண்டு போன வண்டி நான்காம் நாள் மலையடிவாரத்து ஊரைச் சேர்ந்தது. மஞ்சள் காயும் களத்தில் செவந்தி உட்கார்ந்திருந்தாள். தாயைக் கண்டதும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உடம்பு சுடவில்லை. மஞ்சள்காரியின் கையில் பால்சோற்றுக் கிண்ணம் இருந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தண்ணி வாத்துக் குடுத்தீங்களே அக்கா" என்றாள். கிண்ணத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா. குடுத்தேன். இல்லைங்கல." வேம்பாயி பணமுடிப்பை அவிழ்த்து நீட்டினாள். "இந்தாங்க. அவ அப்பன் குடுத்தது. பால்சோத்துக்கு."

"எங்களுக்கு எதுக்குக்கா பணம்? வீட்டுல பசு இருக்கு."

"அவ பணம். நான் வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறேன்? மாசா மாசம் வரும். நானே கொண்டாந்து தரேன்."

மஞ்சள்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள். "நீங்க ஊட்டுங்கக்கா. நான் ஒங்களுக்கு எல போடுறேன்."

அரசர் நெடுங்காலம் நன்றாக ஆண்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாத்தையனுக்குப் பரிசுகளுக்குக் குறைவில்லை. மாதம் பிறந்ததும் வேம்பாயி பத்துப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மேற்கே நடப்பாள். போக ஆறு நாள், வர ஆறு நாள். நடுவில் ஒரு நாள், மகளுக்குத் தன் கையால் சோறு ஊட்டிவிட்டு வருவாள்.