தானமாக வந்த அரிசி

நிறைமதி அம்மையாரின் மடத்தில் வெள்ளிதோறும் பந்தி நடக்கும். பரிமாறுவது பொன்னம்பலவாணர் பொறுப்பு. அம்மையாரைவிடப் பதினைந்து வயது மூத்த மாணவர் அவர். பந்தியில் கரண்டி பிடிப்பதைவிடப் பெரிய பூசை அவருக்கு வேறில்லை.

அவருக்கு இடக்கண் பார்வை இளமையிலேயே போயிற்று. வலக்கண்ணின் கருவிழியும் வெளுத்துப்போனபோது, முகமறியாத ஒருவர் இறக்கும்போது தந்துபோன கருவிழியை மருத்துவர்கள் பொருத்தித் தைத்தார்கள். வெளிச்சம் திரும்பியது. ஆனால் தையல் பிரித்த பிறகும் அதன் வளைவு சீராகவில்லை. கண்ணாடி போட்டாலும் விளக்குச் சுடருக்கு வால் முளைத்தது. ஓர் இலை இரண்டாகத் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வார்த்த ரசம் இலையை விட்டு ஒருவர் மடியில் இறங்கியது. நல்லவேளை, ஆறிய ரசம்.

“அய்யா, என் வேட்டிக்குப் பசியில்லை!”

பந்தி சிரித்தது. வாணரும் சிரித்தார். பிறகு கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டுச் சமையற்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பந்தி முடிந்ததும் அம்மையார் வந்தார்.

“லேசர் சிகிச்சைக்கு நாளைதானே வரச் சொன்னார்கள்?”

“போகப் போவதில்லை தாயே. இனி வேறு யாராவது பரிமாறட்டும்.”

“ஏன் அய்யா?”

“கருவிழியை ஒளியால் செதுக்கிச் சீராக்குவார்களாம். ஒரு புண்ணியவான் தானமாகத் தந்த பொருள். அதன்மேல் நெருப்பை வைப்பதா? நன்றி கெட்ட செயல் அல்லவா?”

பரிமாறியவர்கள் கடைசியில் உண்பது மடத்து வழக்கம். அம்மையாரே வாணருக்கு இலை போட்டார்; தண்ணீர் தெளித்தார்; நடுவில் இரண்டு கை அள்ளி வைத்தார்.

வாணர் தடவிப் பார்த்தார். பச்சரிசி, வேகாத அரிசி.

“தாயே, இது வேகவே இல்லையே!”

“நேற்று ஒரு புண்ணியவான் மூட்டையோடு தந்தார். தானமாக வந்ததை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை. சாப்பிடுங்கள்.”

“நல்ல கதை! இதை எப்படிச் சாப்பிடுவது? வயிறு நிறையத்தானே அவர் கொடுத்தார்? வடித்துப் போட்டால்தானே அவர் கொடுத்ததற்கு...”

வாணரின் குரல் பாதியில் நின்றது. விரல்கள் மட்டும் அரிசியை அளைந்துகொண்டிருந்தன.

“அய்யா, நன்றியா, பயமா?”

வாணர் இலையிலிருந்து கையை எடுத்தார்.

“பயம்தான் தாயே. இருப்பது இந்த ஒரு கண். இதுவும் போய்விட்டால்?”

“மருத்துவரிடம் இதைக் கேட்டீர்களா?”

“இல்லை. கேட்கவும் பயம்.”

அம்மையார் சிரித்துவிட்டார். இலையிலிருந்த அரிசியைக் கூட்டி அள்ளி ஒரு சம்புடத்தில் போட்டு மூடினார்.

“பயத்துக்கு அந்தப் புண்ணியவானின் பெயரை வைக்காதீர்கள். காலையில் ஆறரைக்குப் பேருந்து, நானும் வருகிறேன். முதலில் கேட்போம். இந்த அரிசி காத்திருக்கும். வந்து நீங்களே வடித்து, நீங்களே எனக்குப் பரிமாறுங்கள். இலையில்!”