ராணி வேஷத்தின் நடை

“என்கிட்ட நிறைமதின்னு ஒரு பொண்ணு படிக்கிறா. ஆம்பளை மாதிரி நடக்கிறான்னு வீட்டுல திட்டறாங்களாம். ‘நான் நடக்கிறது தப்பா மேடம்’னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“முக்கால் மணி நேரம் பேசினேன்.”

“அடக் கடவுளே,” என்றார் ஏகாம்பரம்.

“அதுக்கப்புறம் அவ ஒன்பது நாளா காலேஜுக்கே வரல.”

பேராசிரியை கனகவல்லிக்கு ஐம்பது வயது. ஆணும் பெண்ணும் அப்படியே பிறந்து வருவதில்லை, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்துதான் ஆகிறோம், அதற்கெல்லாம் அசல் என்று ஒன்று கிடையாது என்கிற கோட்பாட்டை இருபது வருஷமாக நடத்துகிறார். பிள்ளைகள் மனப்பாடம் செய்து பாஸாகிறார்கள். புரிந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஏகாம்பரத்துக்கு முப்பது. தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவர். படிப்பு எட்டாவதோடு சரி. ராத்திரி ஆடிய களைப்பில் வீட்டு வாசல் புங்கமரத்தடியில் பாய் விரித்துக் கிடந்தவரைத் தேடி கனகவல்லி வந்திருந்தார். அவர் முகத்தில் அரிதாரம் பாதிதான் கலைந்திருந்தது.

உச்சி வெயில். புங்கம்பூ சத்தமில்லாமல் இருவர் மேலும் உதிர்ந்துகொண்டே இருந்தது. தூக்கத்தில் பேசுகிறோமோ என்று கனகவல்லிக்கே சந்தேகம் வந்தது.

“அவளுக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றது?”

“எனக்கு என்னங்க தெரியும்? நடக்கத்தான் தெரியும்.”

எழுந்து நடந்தார். கட்டியிருந்தது லுங்கிதான். ஆனாலும் கொசுவம் தடுக்கியதுபோல அளந்து அடி வைத்தார். இடுப்பில் இல்லாத குடம் தளும்பியது.

அம்மாடி, என்ன நடை!

“யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“குரு அதோ வராங்க.”

குழாயடியிலிருந்து குடத்தோடு அவர் மனைவி அஞ்சலை வந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இந்த மனுஷனுக்கு வேற வேலை இல்ல. எங்கம்மா பழக்கினது மேடம். அகலமா அடி வெச்சா முட்டியிலயே போடும்.”

அஞ்சலையின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு யாரும்மா பழக்கினது?”

“எனக்கு யாரு பழக்கறது? ஊருக்குக் கூத்து வந்துச்சு. ராணி வேஷம் நடந்துச்சு பாரு ஒரு நடை! மறுநாள் தண்ணிக்குப் போன பொண்ணுங்க அத்தனை பேரும் ராணிதான். அப்படியே ஒட்டிக்கிச்சு.”

“அந்த ராணி வேஷம் கட்டினது யாரு?”

“வேற யாரு? நம்ம மாப்பிள்ளையோட அப்பாதான்.”

கனகவல்லி திரும்பிப் பார்த்தார். ஏகாம்பரம் மறுபடி பாயில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

“அப்போ உங்க அப்பா யாரைப் பார்த்து…”

கேள்வி பாதியில் நின்றது. கனகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் பேசினேனே பாவி, என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஏகாம்பரம் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை நிறைமதி வீட்டு வாசலில் கனகவல்லி போய் நின்றார். அம்மாவும் அப்பாவும் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற நிறைமதிதான் கேட்டாள்.

“மறுபடியும் பாடம் எடுக்க வந்தீங்களா மேடம்?”

“இல்லம்மா. தெருமுனை வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டு.”

“எதுக்கு?”

“எனக்குப் பழகணும்.”

கனகவல்லி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவில் இறங்கிய நிறைமதிக்கு ஓரடி பின்னால் போய் நின்றார்.